ரிப்பன் கட்டிய சொற்புத்தகம்

எங்கள் வீட்டுப் புத்தகத் தட்டில் ஓர் உஸ்பெக் புத்தகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உஸ்பெக் தெரியாது. புத்தகம் என்று சொல்வதுகூட அதிகம்தான். ஸ்டேப்பிள் அடித்த சில தாள்கள், அவ்வளவே. மூலைகள் மடிந்து, முன்தாளில் பள்ளிக்கூடத்து நீல முத்திரை விழுந்து, தேநீர்க் கறையோடு இருக்கும். அதற்குப் பக்கத்தில் அதே பாடத்துக்கான தமிழ்ப் புத்தகம் நிற்கிறது. பளபளக்கும் அட்டை, பொன்னிற எழுத்து. அது வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, ஏனென்றால் அதை ஒருவரும் திறந்ததில்லை.

என் மகள் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழ்ப்பிள்ளை. அவள் ரொறன்ரோவில் முதன்முதலாகப் புவியியல் சோதனை எழுதியது அந்த உஸ்பெக் தாள்களைப் பார்த்துத்தான். இது எப்படி நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், பிள்ளைகளே. நாளைக்கு நீங்களும் பெரியவர்களாகி எங்காவது ஒரு குழுவில் தலைவராக இருப்பீர்கள். அப்போது இது உதவும்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்புச் சோதனை எழுதினேன், அதோடு சரி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இருந்தால் அது என்னுடையது இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான் முதலில் வந்தேன். மனைவியும் மகளும் பிறகு வந்து சேர்ந்தார்கள். மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பில் பாதி வருடம் போன பிறகு போய்ச் சேர்ந்தாள். ஊரில் புவியியல் அவளுக்குப் பிடித்த பாடம். ஆறு, மலை மட்டுமல்ல, மனிதர்கள் எங்கே கூடி வாழ்கிறார்கள், ஏன் ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போகிறார்கள், நகரம் எப்படிப் பெருகுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இங்கேயும் அதே பாடம்தான். ஆனால் ஆங்கிலத்தில்.

"அப்பா, எனக்கு விசயம் எல்லாம் தெரியும். அதுக்கு இஞ்சை என்ன பேர் எண்டுதான் தெரியேல்லை," என்றாள்.

புவியியல் ஆசிரியை கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நல்ல மனுசி. என்னைக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார். புதிதாக வந்த பிள்ளைகள் சோதனையில் ஒரு சொற்புத்தகத்தை மேசையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் பிள்ளையின் மொழி. பள்ளிக்கூடம் முத்திரை குத்தியதாக இருக்கவேண்டும். தமிழில் அப்படி ஒன்று இல்லை. பெற்றோரும் ஊராரும் ஒரு குழுவாகச் சேர்ந்து செய்து, தலைவர் கையெழுத்து வைத்துத் தந்தால் பள்ளிக்கூடமே பிரதி எடுத்துத் தரும். சோதனை ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. அதில் தேறாவிட்டால் அடுத்த வருடம் மகளைக் கீழ்ப் பிரிவில் போடுவார்கள்.

கீழ்ப் பிரிவு என்பதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அதற்குள் ஒரு தரம் போனால் பிறகு மேலே ஏறுவது லேசான காரியம் இல்லை. பல்கலைக்கழகக் கதவு அந்தப் பிரிவுக்குத் திறப்பதில்லை. மகளுக்கும் அது விளங்கியிருந்தது. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலைகளில் பள்ளிக்கூட நூலகத்தைத் திறந்துவிட்டார்கள். இரண்டு மேசைகள். ஒன்று எங்களுக்கு. மற்றது ஓர் உஸ்பெக்காரருக்கு. எங்கள் மேசையில் நாலு பேர், அவருடைய மேசையில் அவர் மட்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் உஸ்பெக் பேசும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய மகள். என் மகளின் வகுப்பு.

எங்கள் நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். இன்னொருவர் கவிஞர். அவர் எழுதிய கவிதையை நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லோரும் அவரைக் கவிஞர் என்றார்கள், அவரும் மறுக்கவில்லை. மூன்றாமவர் சென்னையிலிருந்து வந்த கம்பியூட்டர் எஞ்சினியர், இளவயதுக்காரர், நல்ல பிள்ளை. நாலாவது நான்.

முதலாவது சனிக்கிழமை நிர்வாகத் தெரிவு. மாஸ்டர் தலைவர், கவிஞர் உப தலைவர், எஞ்சினியர் செயலாளர். மிச்சம் இருந்தது நான் ஒருவன் என்பதால் என்னை உப செயலாளர் ஆக்கினார்கள். உப செயலாளரின் கடமை என்ன என்று கேட்டேன். பிளாஸ்க்கில் தேநீரும் ரோல்ஸும் கொண்டுவருவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பிறகு மாஸ்டர் எழுந்து நின்று வரவேற்புரை நிகழ்த்தினார். வரவேற்கப்பட்ட மூவரும் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தோம். அவர் நூலகத்தின் கடைசி வரிசையைப் பார்த்துப் பேசினார்.

உஸ்பெக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அவருக்கும் ஆங்கிலம் என்னைப் போலத்தான், கால் உடைந்தது. ஆனால் இரண்டு பேரும் நொண்டினால் பேச்சு நன்றாக நடக்கும்.

"இவர் ஏன் எழுந்து நின்று பேசுகிறார்?"

"அவர் தலைவர்."

"நீங்கள் நாலு பேர்தானே?"

"ஓம்."

அவர் தலையை ஆட்டினார். "எங்கள் நாட்டிலும் முன்பு இப்படித்தான். கூட்டம் முடிய ரொட்டிக் கடை பூட்டியிருக்கும்," என்றார். ஒரு கப் தேநீர் வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் குடித்தார். என் பதவியால் பயன்பெற்ற ஒரே ஆள் அவர்தான்.

அவருடைய கதை வேறு. மனிதர் ஊரில் ரயில் நிலையங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அவருடைய நாடு அப்போதுதான் ரஷ்யர்களிடமிருந்து பிரிந்திருந்தது. முன்பு இந்தப் பாடத்துச் சொற்களில் பாதி ரஷ்யச் சொற்கள். புதிய அரசாங்கம் அவை வேண்டாம், நம்முடைய சொற்கள்தான் வேண்டும் என்றது. ஆனால் நம்முடைய சொற்கள் எவை என்று அங்கே இன்னும் முடிவாகவில்லை. அவருடைய தம்பி அங்கே வாத்தியார். சனிக்கிழமை காலையில் போன் கார்ட் போட்டு அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் நூலகத்துக்கு வருவார்.

"நகரம் பெருகிறதுக்கு போன கிழமை சொன்ன சொல் இந்தக் கிழமை இல்லையாம்," என்பார். "அடுத்த கிழமை வரைக்கும் பொறு என்கிறான் தம்பி. எங்கள் நாட்டில் இப்போது சொல்லும் இறைச்சி விலையைப் போலத்தான்."

எழுத்திலும் அவருக்குத் தொல்லை. பாட்டன் அரபு எழுத்தில் படித்தாராம், தகப்பன் சிறுவனாக இருந்தபோது லத்தீன் எழுத்து, இவரும் இவருடைய மகளும் ரஷ்ய எழுத்து. இப்போது மறுபடியும் லத்தீனுக்கு மாறப் போகிறார்களாம்.

"எங்கள் வீட்டில் ஒருவருடைய கடிதத்தை மற்றவர் வாசிக்கமாட்டார். அதனால் சண்டை குறைவு," என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "எழுத்து மாறினால் நாட்டில் உள்ள எல்லா ரயில் நிலையத்துக்கும் புதுப் பலகை எழுதவேண்டும். எனக்கு நல்ல காலம் பிறக்கிற நேரம் பார்த்து நான் கனடாவுக்கு வந்துவிட்டேன்."

சொல் வராத இடங்களை அவர் வெறுமையாக விடுவார். வெறுமையாக விட்டால் கை சும்மா இருக்காது, பலகை எழுதின கை. அந்த இடத்தில் ஒரு படம் கீறுவார். சொல் வந்ததும் அழித்துவிட்டு எழுதலாம் என்பது அவருடைய எண்ணம்.

எங்கள் மேசைக்கு வருவோம். இரண்டாவது சனிக்கிழமை முதலாவது சொல்லை எடுத்தார்கள். ஒரு நாட்டில் இருக்கும் ஆட்களின் தொகைக்கு என்ன சொல்?

"குடித்தொகை. இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் மாஸ்டர். ஊர்ப் பாடப்புத்தகத்தில் அதுதான் இருந்தது. என் மகள் படித்ததும் அதுதான்.

"சார், நாங்க மக்கள்தொகைன்னுதான் படிச்சோம்," என்றார் எஞ்சினியர். "குடித்தொகைன்னா எங்க ஊர்ல வேற மாதிரி நினைச்சுப்பாங்க. ஒயின் ஷாப்... ஐ மீன், சாராயக் கடைக் கணக்கு மாதிரி இருக்கும்."

"தம்பி, நீங்கள் குடிக்கிறதுக்கு எங்கடை தமிழ் பொறுப்பில்லை."

கவிஞர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். திறந்தார். "ரெண்டும் சரியில்லை. இரண்டிலும் உயிர் இல்லை. 'மாந்தத் திரள்' எண்டு போடுங்கோ."

"கவிஞர், உது ஆருக்கு விளங்கும்?"

"விளங்கிறது வாசிக்கிறவன்ரை பொறுப்பு, மாஸ்டர்."

கடைசியில் மூன்றையும் போடுவது என்று முடிவாயிற்று. ஒருவருடைய மனமும் நோகக் கூடாது என்பதில் எங்கள் குழு கண்ணாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள் வரிசை கட்டி நின்றன. நான் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்குக் காட்டினேன்.

"இதிலை எதப்பா சரி?"

"எல்லாம் சரியாம், பிள்ளை."

"அப்ப சோதினைக்குள்ளை நான் எதைப் பாக்கிறது?"

அடுத்த சனிக்கிழமை குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள்.

இந்தப் பாடத்தில் ஒரு விசயம் வரும். மனிதர் ஓர் இடத்தைவிட்டுப் போவதற்கு இரண்டு வகைக் காரணம் உண்டு. ஒன்று பின்னால் இருந்து தள்ளுவது: போர், பஞ்சம், வேலையின்மை. மற்றது முன்னால் இருந்து இழுப்பது: நல்ல சம்பளம், படிப்பு. தள்ளுகிற காரணி, இழுக்கிற காரணி என்று போட்டால் காரியம் முடிந்தது. ஆனால் எங்கள் மேசையில் முடியவில்லை.

"தள்ளு எண்டு போடாதேங்கோ," என்றார் மாஸ்டர். "ஏதோ எங்களைப் பிடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரிக் கிடக்கு. நான் பிள்ளையளின்ரை படிப்புக்காக வந்தனான்."

"நானும் அப்பிடித்தான்," என்றார் கவிஞர். "இலக்கியப் பணிக்கு இஞ்சை வசதி."

மாஸ்டருடைய பிள்ளைகள் அவர் வருவதற்கு முன்பே படித்து முடித்து, கலியாணமும் செய்திருந்தார்கள். கவிஞரின் வீட்டுக்கூரை ஷெல் அடியில் போனது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். எஞ்சினியர் ஒருவர்தான் நேர்மையாகப் பேசினார்.

"எனக்கு சம்பளம் சார். இழுத்தாங்க, வந்தேன்."

அதற்குப் பிறகு 'அகதி' என்ற சொல் வந்தது. ஆசிரியை தந்த பட்டியலில் அது இருந்தது.

"இதை விடுவம்," என்றார் மாஸ்டர். "எங்கடை பிள்ளையள் கையிலை வைச்சிருக்கிற புத்தகத்திலை அகதி எண்டு ஏன் கிடக்கோணும்?"

"மாஸ்டர், சோதினையிலை கேப்பினம்," என்றேன்.

"தம்பி, சோதினை ஒரு நாள். மானம் எண்டு ஒண்டு இருக்கு."

அந்த வருடம் மாஸ்டரின் அகதிக் கோரிக்கை விசாரணைக்குப் போயிருந்தது. வழக்கறிஞரிடம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதே நான்தான். அந்தச் சொல்லை அவர் அங்கே மிகத் தெளிவாக, மூன்று மொழியில் சொன்னார். புத்தகத்தில் மட்டும் வேண்டாம் என்றார். 'புலம்பெயர் உறவு' என்று போட்டார்கள்.

உஸ்பெக்காரரிடம் போய் அவர் இதற்கெல்லாம் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். குடிபெயர்வதற்கு ஒரு சொல் வைத்திருந்தார். வாயால் சொன்னபோது 'கோச்சிஷ்' என்று கேட்டது. எங்கள் ஊரில் ரயிலைக் கோச்சி என்போம், அதனால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. தள்ளுகிற காரணிக்கு இன்னும் சொல் வரவில்லை. அந்த இடத்தில் பூட்ஸ் மாதிரி ஒரு பெரிய சப்பாத்துக் காலும் அதன் முன்னால் குப்புற விழப்போகிற ஒரு மனிதனும் கீறியிருந்தார். மனிதனுடைய கையில் பெட்டி இருந்தது. இழுக்கிற காரணிக்கு ஒரு கை நீட்டி ரொட்டியைக் காட்டியது. சன அடர்த்திக்கு ஒரு சிறிய பெட்டிக்குள் நிறையத் தலைகள். அகதிக்கு ஒரு பூட்டிய கதவும் அதன் முன்னால் குந்தியிருக்கும் குடும்பமும்.

"சொல் எப்போது வரும்?" என்று கேட்டேன்.

"தம்பி மந்திரியைக் கேட்கிறான். மந்திரி பேராசிரியரைக் கேட்கிறார். பேராசிரியர் மாஸ்கோவில்," என்றார்.

மே மாதம் வந்தது. பட்டியலில் பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு சனிக்கிழமை மாஸ்டர் மிகவும் உற்சாகமாக வந்தார். சொற்கள் முடிந்துவிட்டனவோ என்று நினைத்தேன்.

"மண்டபம் எடுத்தாச்சு!" என்றார். "மோர்னிங்சைட் பக்கம். வெளியீட்டு விழா ஜூனிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். முன்பணமும் கட்டியாச்சு."

"புத்தகம் இன்னும் முடியேல்லையே, மாஸ்டர்?"

"மண்டபம் கிடைக்கிறதுதான் கஷ்டம். புத்தகம் எப்பவும் எழுதலாம்."

பிள்ளைகளே, நீங்கள் ரொறன்ரோவில் வளர்ந்தவர்கள். எங்கள் சனத்தின் புத்தக வெளியீட்டுக்கு அப்பா அம்மாவோடு போய், பின்வரிசையில் இருந்து வடை சாப்பிட்டிருப்பீர்கள். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. நடுவில் புத்தகங்களைப் பொன்னிறத் தாளில் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு தட்டில் கொண்டுவருவார்கள். சிறப்பு விருந்தினர் ரிப்பனை அவிழ்ப்பார். அதுவரைக்கும் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதிகூட ஒருவருடைய கண்ணிலும் படக் கூடாது. பட்டால் வெளியீடு இல்லை, வெறும் வியாபாரம். இதுதான் சட்டம். எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. சொல் வேலை அல்ல. ஆசியுரை யாரிடம் வாங்குவது, யாருடைய படம் முதலில் போடுவது, கவிஞருடைய படம் கலரிலா, மாஸ்டருடைய படம் கோட்டோடா. பள்ளிக்கூடம் பிரதி எடுத்துத் தரும் என்று நான் ஒருமுறை ஞாபகப்படுத்தினேன்.

"போட்டோக்கொப்பியோ? தமிழுக்கோ?" என்றார் கவிஞர். அவருடைய முகத்தைப் பார்த்து நான் ரோல்ஸை நீட்டினேன்.

புத்தகம் அச்சகத்துக்குப் போனது. அட்டைக்கும் கடைசித் தாளுக்கும் நடுவில் பெரிய பகுதி வாழ்த்துகள். சொற்கள் கடைசியில், விளம்பரங்களுக்கு முன்னால், சின்ன எழுத்தில். என்றாலும் சொற்கள் இருந்தன. ஆசிரியை முத்திரை குத்துவதற்கு அவ்வளவும் போதும். அச்சகத்திலிருந்து புத்தகம் வந்துவிட்டது என்று புதன்கிழமை தெரிந்தது. வியாழன் மாலை வேலை முடிந்த கையோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

புத்தகங்கள் வரவேற்பறையில், காட்சி அலுமாரிக்கு மேலே, பொன்னிறத் தாளில் சுற்றி இருந்தன. மாஸ்டரின் மனைவி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்னை அன்பாக இருத்தினார்.

"உம்மடை மகளுக்குச் சந்தோசமான செய்தி. முதல் பிரதி அவவுக்குத்தான். மாணவர் சார்பிலை மேடையிலை வாங்கோணும். நல்ல சட்டை ஒண்டு போட்டுக்கொண்டு வரச் சொல்லும்."

"மாஸ்டர், சோதினை நாளைக்கு. ஒரு பிரதி தந்தியளெண்டால் காலமை ரீச்சரிட்டைக் குடுத்து முத்திரை குத்தி..."

"நாளைக்கோ?" அவர் உண்மையிலேயே யோசித்தார். பொய் சொல்லக் கூடாது, அவருடைய கண்ணில் கவலை தெரிந்தது. அலுமாரியைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். "இப்ப அவிட்டா ஞாயிற்றுக்கிழமை என்னத்தை வெளியிடுறது? விருந்தாளிக்கு என்ன சொல்லுறது? கவிஞர் என்னை விடுவாரோ?"

"ஒரு பிரதி மட்டும், மாஸ்டர். ஆருக்கும் சொல்லமாட்டன். பின்னேரம் கொண்டுவந்து தந்திடுறன்."

"தம்பி, சோதினை எப்பவும் வரும். வெளியீடு ஒருக்காத்தான்."

"அவளைக் கீழ்ப் பிரிவிலை போட்டிடுவாங்கள்."

"சேச்சே, கெட்டிக்காரப் பிள்ளை. போடமாட்டாங்கள்," என்று சொல்லி என் தோளில் தட்டினார். அவருடைய மனைவி எனக்குத் தேநீரும் மிக்சரும் கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. இரண்டு கட்டடம் தள்ளியிருந்த கவிஞரைப் போய்க் கேட்டேன். "மேடையேறாத நூல் பிறக்காத பிள்ளை," என்றார். எஞ்சினியருக்குப் போன் பண்ணினேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார். "நானும் அதுல ஒரு வாழ்த்துரை எழுதியிருக்கேன் சார், ஆனா காப்பி என்கிட்ட இல்லையே," என்றார். முழுவதையும் மாஸ்டரே கையில் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் பென்சில்களைக் கூராக்கிக்கொண்டிருந்தாள். கூராக இருந்ததையும் திரும்பத் தீட்டினாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு பள்ளிக்கூடம் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து ஆசிரியையிடம் கெஞ்சுவது என்பது என் திட்டம். வகுப்பு வாசலில் உஸ்பெக்காரரும் நின்றார். பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு மகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவருடைய கையில் முத்திரை குத்திய தாள்கள் ஒரு கட்டு இருந்தன. பள்ளிக்கூடம் எந்த மொழியானாலும் ஒரே அளவு பிரதிதான் எடுக்குமாம். ஓர் உஸ்பெக் பிள்ளைக்கு ஒரு வகுப்புக்குப் போதுமான புத்தகம் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"சொல்லெல்லாம் வந்ததா?" என்று கேட்டேன்.

"எங்கே வந்தது! பிரதி எடுக்க நேற்றுத்தான் கடைசி நாள் என்றார் ரீச்சர். இருந்தபடி கொடுத்துவிட்டேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அவருக்கு உஸ்பெக் தெரியாது. படமும் உஸ்பெக் என்று நினைத்திருப்பார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மகளின் வெறும் கையைப் பார்த்தார். "உங்கள் புத்தகம் எங்கே? நாலு பேர் செய்தது?"

"ரிப்பன் கட்டியிருக்கிறது," என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் தாள் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி மகளிடம் நீட்டினார். அதற்குள் ஆசிரியை வந்துவிட்டார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டு மகளின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இது உன்னுடைய மொழியா?"

"இல்லை மிஸ்," என்றாள் மகள். அவளுக்குப் பொய் வராது.

ஆசிரியை முத்திரையைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "பள்ளிக்கூடம் முத்திரை குத்திய புத்தகம் என்றுதான் விதி சொல்கிறது. எந்த மொழி என்று சொல்லவில்லை," என்றார். "ஆனால் இதனால் உனக்கு என்ன பிரயோசனம், பிள்ளை?"

மகள் தாள்களை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவு மூடியது. நானும் உஸ்பெக்காரரும் வெளியே பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, நான் பழக்கதோஷத்தில் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கில் இருந்து தேநீர் குடித்தோம்.

முடிந்து வெளியே வந்தபோது மகள் சிரித்தாள். "ஆங்கிலச் சொல்லைப் பாத்திட்டுப் படத்தைப் பாத்தா உடனை விளங்குது, அப்பா. ஒரு சொல்லுக்கு ஒரு படம்தான். ஆனால் குடியிருப்புக்கு அங்கிள் வட்டமா ஒரு கூடாரம் கீறியிருக்கிறார். ரொறன்ரோவிலை அப்பிடி எங்கை கிடக்கெண்டு கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சனான்."

ஞாயிற்றுக்கிழமை விழா. மணி தவறாமல் போன நாங்கள் நாற்காலிகளை அடுக்க உதவினோம். பேச்சுகள் தொடங்கின. நான் உஸ்பெக்காரரையும் அவருடைய மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவருக்கு வடை மிகவும் பிடித்தது. சிறப்பு விருந்தினர் ரிப்பனை அவிழ்த்தார். அது முடிச்சு விழுந்து அவிழாமல், கடைசியில் மாஸ்டரின் மனைவி கத்திரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார். முதல் பிரதி வாங்க மகளை மேடைக்கு அழைத்தார்கள். அவள் பேச வேண்டியதை மாஸ்டர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். 'இந்நூல் என் கல்விக்குக் கலங்கரை விளக்கமாக அமைந்தது' என்று அது தொடங்கியது.

மகள் துண்டைப் பார்த்தாள். மடித்தாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். சோதினை வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. இந்தப் புத்தகத்தை நான் இப்பதான் முதல் தரம் பாக்கிறன். அண்டைக்கு நான் உஸ்பெக் அங்கிளின்ரை புத்தகத்தை வைச்சுத்தான் எழுதினனான். அவர் அங்கை வடை சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். அவருக்கு நன்றி."

மண்டபம் கை தட்டியது. எங்கள் சனம் மேடையில் யார் என்ன சொன்னாலும் தட்டும். மாஸ்டர் ஒலிவாங்கியை வாங்கி, "எங்கள் பிள்ளைகளின் அடக்கத்தைப் பாருங்கள்!" என்றார். அது போதாது என்று கவிஞர் எழுந்தார். உஸ்பெக்காரரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். உஸ்பெக் மொழியின் வேர்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் தமிழ்தான் இருக்கும் என்று அறிவித்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். உஸ்பெக்காரர் கையில் பாதி வடையோடு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று பிறகு கேட்டார்.

"உங்கள் மொழி எங்களுடையதாம்."

"அப்படியானால் சொல்லை அவரிடமே கேட்டிருக்கலாமே! போன் கார்டு மிச்சமாகியிருக்கும்," என்றார்.

மகள் தேறினாள். மேல் பிரிவுக்குப் போனாள். விடைத்தாளில், மக்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள் என்ற கேள்விக்கு, 'பின்னால் ஒரு சப்பாத்துக் கால் உதைக்கும், பெட்டியைத் தூக்கும் அளவுக்குத்தான் நேரம் கிடைக்கும்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதன் கீழே கோடிட்டு, அந்தக் கேள்விக்குரிய முழுப் புள்ளியும் போட்டிருந்தார். மாஸ்டர் பிற்பாடு எல்லோரிடமும் தமது புத்தகத்தால்தான் அவள் தேறினாள் என்று சொன்னார். நான் மறுத்துப் பேசப் போகவில்லை. அவருடைய அகதிக் கோரிக்கையும் அந்த மாதமே சரிவந்திருந்தது. மனிதர் நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

தமிழ்ப் புத்தகத்தை மாஸ்டர் பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். ஆசிரியை முதலில் திறந்த பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் இருந்தது, அடுத்ததில் சிறப்பு விருந்தினர். முத்திரை குத்த முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் ஊரிலிருந்து இன்னும் பல தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள். ஆசிரியையின் அலுமாரியில் உஸ்பெக்காரர் திருப்பிக் கொடுத்த தாள்கள் நிறைய மிச்சம் இருந்தன. என் மகளின் புள்ளிகள் அவருக்கு ஞாபகம் இருந்தன. தமிழ்ப் பிள்ளை என்று கண்டவுடன் ஒவ்வொருவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

அதற்குள் உஸ்பெக்காரருக்குத் தம்பியிடமிருந்து சொற்கள் வந்துசேர்ந்திருந்தன, எல்லாம் புதிய எழுத்தில். அவற்றைப் போட்டுத் திருத்திய பதிப்பு ஒன்று செய்யலாமா என்று ஆசிரியையிடம் போய்க் கேட்டாராம். வேண்டாம், இருப்பது இருக்கட்டும், பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள் என்றாராம் அவர்.

"இந்த நகரத்தில் உஸ்பெக் புத்தகம் வாசிக்கிறவர்கள் எல்லோரும் தமிழர்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். "ஒரு சொல்லும் போட விடுகிறார்கள் இல்லை."